ஏழாம் எண்ணும் மூன்று பெருக்கல் குறிகளும்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று நாற்பத்தேழு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் கார் வாங்கினால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தங்கை மாடி வீடு கட்டியபோது திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன். நல்ல மனசுக்காரி என்று எனக்கே என்மேல் ஓர் எண்ணம். தொழிலில் எதிரே யாரும் வந்து நிற்காததால்தான் அந்த நல்ல மனசு இத்தனை வருஷம் கெடாமல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வந்து நின்றாள் ஒருத்தி. மூன்றே மாதத்தில் என் லட்சணம் எனக்கே தெரிந்துவிட்டது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். இருபத்து நாலு வருஷம். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் மூன்று அறைகள், நடுவில் பிளைவுட் தடுப்பு, ஓர் அறையில் மட்டும் ஒழுங்காக ஓடும் மின்விசிறி. அந்த அறை என்னுடையது. சாயந்திரம் ஐந்தரைக்கு டாக்ஸி ஓட்டுகிறவர்கள், நர்ஸுகள், ஹோட்டல் கவுண்டரில் நிற்கிறவர்கள், கிடங்குக் கணக்கர்கள் எல்லாம் களைத்துப்போய் மாடியேறி வருவார்கள். ஒரு தப்பு என் காதைத் தாண்டிப் போனதில்லை. வாக்கியம் பாதி வரும்போதே பிடித்துவிடுவேன். "நில்லு, மறுபடி சொல்லு." மறுபடி சொல்வார்கள். சரியாகச் சொல்கிறவரை விடமாட்டேன். எல்லோருக்கும் நான் வெறும் 'டீச்சர்'.

அவள் வந்த அன்றைக்கு நான் 'பெரிய டீச்சர்' ஆகிவிட்டேன், அவள் 'சின்ன டீச்சர்'. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை.

"மேடம் மொழியியல் படிச்சவங்க. மொழியியலை வகுப்புல எப்படிப் பயன்படுத்தறதுங்கறதுதான் இவங்க ஆராய்ச்சியே" என்று நிர்வாகி அறிமுகப்படுத்தினார். அவர் நல்ல மனிதர், ஆனால் புதிதாக எது வந்தாலும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்.

"ரொம்ப சந்தோஷம். இங்கிலீஷும் தெரியுமில்ல?" என்றேன்.

குத்தலாகத்தான் கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் அன்றே எனக்குப் பிடித்திருக்கும்.

முதல் வாரம் முழுக்க அவள் எதுவும் சொல்லித்தரவில்லை. ஒரு சின்ன ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு, மாணவர்கள் வேலை செய்கிற இடங்களில் அனுமதி வாங்கிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள், எந்த வாக்கியம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"மேடம், சலவைப் பிரிவுல இருக்கறவங்க நாளைக்கு முப்பது தடவை 'இது இன்னும் காயலை, பத்து நிமிஷம் கழிச்சு வாங்க'ன்னு சொல்றாங்க. நம்ம புத்தகத்துல அந்த வாக்கியமே இல்லை" என்றாள் என்னிடம், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

"புத்தகத்துல இருக்கறத ஒழுங்காப் படிச்சா அதைத் தானே சொல்லிக்குவாங்கம்மா" என்றேன்.

"இருபது வருஷமாப் படிச்சும் சொல்லலையே மேடம்?"

அந்த 'மேடம்' வேறு! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்றைக் கேட்டுவிட்டு, கடைசியில் மரியாதையாக ஒரு மேடம்.

வகுப்பில் அவள் செய்ததோ இன்னும் வேடிக்கை. ஒரு கேள்வி கேட்பாள், பிறகு சும்மா இருப்பாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு, மயக்கம் போட்டு விழுந்துவிட்டாளோ என்று கூட ஒரு நாள் தோன்றியது. ஐந்து விநாடி, எட்டு விநாடி, பத்து விநாடி. அப்புறம் யாரோ ஒருத்தர் மெல்ல ஆரம்பிப்பார். தப்பும் தவறுமாக வரும். அவள் குறுக்கே பேசமாட்டாள். சீட்டில் குறித்துக்கொண்டு, வகுப்பு முடிகிறபோது இரண்டே இரண்டு தப்புகளை மட்டும் எடுத்து எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வாள். இரண்டு! இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எண்ணியதில் முப்பத்தாறு. கை துறுதுறுத்தது. தடுப்பைத் தட்டித் திருத்திவிடலாமா என்று வந்தது.

அப்புறம் சிரிப்பு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கூட்டமாகச் சிரிப்பு வரும். என் வகுப்பில் இருபத்து நாலு வருஷத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. ஆங்கிலம் படிக்க வந்தவர்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? ஒரு மாதத்தில் என் பக்கம் இருந்த ஆறு நாற்காலிகள் அந்தப் பக்கம் போயின. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறபோது, "இங்க காத்து வரலை டீச்சர்" என்றார் ஒரு டாக்ஸிக்காரர். மின்விசிறி என் அறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கிற மகளிடம் ஃபோனில் கொட்டித் தீர்த்தேன். அவள் கேட்டுவிட்டு, "அம்மா, உனக்கு அவங்க மேல செம பொறாமை" என்றாள். "பொறாமையா? எனக்கா? போடி வேலையைப் பாத்துக்கிட்டு" என்று வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு லிஃப்ட். எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கண்ட்ரோல் ரூமில் மேற்பார்வையாளர் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, இனி இரும்பு ஏணியில் ஏறி இறங்க முடியாது. ஆனால் பல ஊர்க்காரர்கள் வந்துபோகிற ஆஸ்பத்திரி. லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு மேற்பார்வையாளர்தான் ஃபோனில் பேச வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அதற்கு ஒரு வாய்மொழித் தேர்வு. ஐம்பது வயதுக்குள் தேற வேண்டும், மொத்தம் மூன்று தடவைதான். இரண்டு தடவை தோற்றிருந்தார். இரண்டு தடவையும் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

குறை வைக்காமல்தான் சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, எல்லாக் காலங்களையும் எழுத வைத்து, மனப்பாடம் ஒப்பிக்க வைத்தேன். வாயைத் திறந்தால் திருத்தினேன். தேர்வில் கேள்வி கேட்டதும் தொண்டையை இரண்டு தடவை செருமினாராம். அத்தோடு சரி. இரண்டாவது தோல்விக்குப் பிறகு, "விட்டுடு. எனக்கு அது வராது. இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். எனக்குக் கோபம். ஊரில் உள்ள கிடங்குக் கணக்கர்களை எல்லாம் தேற்றிவிட்ட எனக்கு வீட்டில் இப்படி ஒரு மூக்குடைப்பு. மூன்றாவது தடவையைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அவருக்கு நாற்பத்தொன்பது முடியப் போகிறது. கொஞ்ச நாள் கழித்து, செவ்வாயும் வியாழனும் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், வர எட்டு மணி ஆகும் என்றார். சரி என்றேன்.

இந்தச் சமயத்தில்தான் நிர்வாகிக்கு ஒரு யோசனை வந்தது. சின்ன டீச்சர் வாரத்தில் சில நாள் வெளியே போய் வேலையிடத்திலேயே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அதைத் தொடரலாமா, இல்லை எல்லோரையும் இங்கேயே வரச் சொல்லிப் பழைய முறையில் நடத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

"ரெண்டு பேர் வகுப்பையும் நாலு நாள் பதிவு பண்ணுவோம். அவங்க பதிவை நீங்க எழுத்தாக்குங்க, உங்க பதிவை அவங்க எழுத்தாக்கட்டும். அப்பத்தான் யாரும் தன் பக்கம் சாய்க்க முடியாது. மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசறாங்கன்னு பாத்துடலாம்" என்றார்.

எழுத்தாக்குகிற விதிகளைச் சின்ன டீச்சரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பெயர் கிடையாது, எண் மட்டும். மாணவர் ஒன்று, மாணவர் இரண்டு. மௌனம் எத்தனை விநாடி என்று அடைப்புக்குள் எழுத வேண்டும். இருமல், சிரிப்பு எல்லாம் குறிக்க வேண்டும். ஒரு பேச்சை மூன்று தடவை திரும்பக் கேட்டும் புரியாவிட்டால் மட்டும் அந்த இடத்தில் மூன்று பெருக்கல் குறி போடலாம். பெருக்கல் குறி போட்ட பேச்சு கணக்கில் சேராது.

எந்த இடத்து வகுப்பு என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. காலையில் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர். பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். ஏதோ ஒரு தொழிற்சாலை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது விதி. நான் ஒரு தடவை கேட்டேன். தெளிவாக இருந்ததை எழுதினேன். கொஞ்சம் முணுமுணுப்பாக இருந்தால் மூன்று பெருக்கல் குறி. பேசுகிறவர் தடுமாறினால் மூன்று பெருக்கல் குறி. மனசாட்சி உறுத்தியதா என்றால், இல்லை. புரியவில்லை என்றால் புரியவில்லைதானே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன்.

அதிலும் அந்த ஏழாம் எண். முதல் பதிவில் அவரிடம் ஏதோ கேட்கிறாள். பதிலே இல்லை. பதினான்கு விநாடி. பதினான்கு! நானாக இருந்தால் ஆளை இப்படித் தவிக்க விடுவேனா? பதிலை எடுத்துக் கொடுத்திருப்பேன். கடைசியில் ஏதோ அடிக்குரலில் ஒரு வரி. பெருக்கல் குறி. இரண்டாவது பதிவில் ஆறேழு வரி பேசினார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பெருக்கல் குறி, பெருக்கல் குறி. மூன்றாவதில் பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிஷம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கல் குறியாகப் போட்டுத் தள்ளிவிட்டு எழுந்து காபி போட்டேன்.

மூன்று பதிவுகள் முடிந்ததும் நிர்வாகி எங்களைக் கூப்பிட்டார். என் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் பேசியது பன்னிரண்டு நிமிஷம். மீதி நேரம் முழுக்க நான். சின்ன டீச்சர் என் பதிவுகளில் மொத்தம் இரண்டே இடத்தில்தான் பெருக்கல் குறி போட்டிருந்தாள். கடைசி வரிசை நர்ஸ் தனக்குத்தானே முனகிக்கொண்டதைக்கூட எழுதி என் மாணவர்கள் கணக்கில் சேர்த்திருந்தாள். அவளுடைய வகுப்பில், என் எழுத்துப்படி, பதினைந்து நிமிஷம்.

"மூணு நிமிஷ வித்தியாசத்துக்கா வாரம் ரெண்டு நாள் வெளிய அனுப்பறது? இந்த மாசத்தோட நிறுத்திடுவோம். நாலாவது பதிவையும் எழுதிக் குடுத்தா ஃபைல்ல வச்சுடலாம்" என்றார் நிர்வாகி.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் எழுத்துப்படியைப் புரட்டிப் பார்த்தாள். "சார், அடுத்த மாசம் இருபதாம் தேதி வரைக்குமாவது விடுங்க. ஒருத்தருக்கு அன்னைக்கு டெஸ்ட். அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஃபோன்ல பேசற பயிற்சியே இன்னும் ஆரம்பிக்கலை."

"ஒருத்தருக்காகவா?" என்றார் அவர்.

நல்ல நாடகம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னலைப் பார்த்தேன். படியிறங்குகிறபோது கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நாலாவது பதிவை எழுத வேண்டிய அவசரமே இல்லை. ஜெயித்த திமிரில், மறுநாள் காலையிலேயே அதையும் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். வேலையிடத்தில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவள் எல்லோரையும் கேட்கிறாள். மௌனம். யாரோ இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்கள்.

அந்தச் செருமலை நான் இருபத்து மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கை அப்படியே நின்றுவிட்டது.

ஏழாம் எண் பேச ஆரம்பித்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார். இங்கே தமிழில் எழுதுகிறேன், தப்புகளை விட்டுவிட்டு எழுதுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் நம்பர் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே நாலு பேர். அதில் ஒருத்தர் ஆறாவது மாடியில் படுத்திருக்கிற அக்காவுக்குப் பிறந்த நாள் கேக் கொண்டுபோகிறவர். ஒரு வயதான அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றுகிறது என்றார்கள். "கேக்கை வெட்டுங்க" என்று இவர் மேலிருந்து கத்தினாராம். கேக்குக்காரர் மாட்டேன் என்கிறார். "உங்க அக்காவுக்கு நான் வேற வாங்கித் தரேன், வெட்டுங்க சாமி!" கத்தி இல்லை. ஆஸ்பத்திரி அடையாள அட்டையால் வெட்டினார்கள். நாற்பது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தால் நாலு பேர் வாயிலும் வெள்ளைக் கிரீம். அந்த அம்மா ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது உனக்கு" என்று நீட்டினாராம். கேக்குக்காரர் மட்டும் முறைத்துக்கொண்டே நிற்க, கிரீஸ் கையோடு இவர் அதைத் தின்றாராம்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். கேக்குக்காரர் மாதிரி குரல் மாற்றிப் பேசிக் காட்டினார் என் வீட்டுக்காரர். ஆங்கிலத்தில்! சிரிப்பு அடங்கியதும் அவரே இன்னொரு வரி போட்டார், மறுபடி சிரித்தார்கள்.

என் வயிறு எரிந்ததைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. சந்தோஷம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னிடம் எந்த மொழியிலும் சொல்லாத கதையை இந்த முப்பத்தொரு வயதுக்காரியிடம் குரல் மாற்றிச் சொல்லிக்காட்டுகிறாரே என்றுதான் வந்தது. ஷிஃப்டாம், மாற்றிவிட்டார்களாம்! ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் எறிந்தேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கடைசி வாய்ப்பு. இருபதாம் தேதி. ஒருத்தருக்காகவா என்று நிர்வாகி கேட்டாரே, அந்த ஒருத்தர்.

ஈரக்கையோடு வந்து முதல் பதிவைப் போட்டேன். பெருக்கல் குறி போட்ட இடத்தை மூன்று தடவை கேட்டேன். இரண்டாவது தடவையிலேயே புரிந்துவிட்டது. "என் மனைவி இங்கிலீஷ் டீச்சர். அதனால எனக்கு ரொம்ப பயம்" என்று சொல்லியிருந்தார்.

அந்த வரியைத்தான் நான் கணக்கிலிருந்து தூக்கியிருந்தேன். என்னை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது, அதுவும் தெரியும். சும்மா இருந்தால் வகுப்பு மாதக் கடைசியில் நின்றுவிடும், அவள் அடங்கிப்போவாள், என் நாற்காலிகள் திரும்பி வரும். இவர் மட்டும் இரும்பு ஏணியிலேயே ஏறிக்கொண்டிருப்பார்.

அன்று சாயந்திரம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். சின்ன டீச்சர் தனியாக உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் உன் பதிவை ஒழுங்கா எழுதலை. ஒரு தடவைதான் கேட்டேன். வேணும்னேதான் பெருக்கல் குறி போட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு மேடம்?"

"பொறாமைதான். வேறென்ன?"

பரவாயில்லை மேடம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவள் கண் சிவந்துவிட்டது. "ராத்திரி பூரா நான் தூங்கலை. என் முறையே தப்போன்னு நினைச்சு பழைய நோட்டெல்லாம் எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க இவ்வளவு சாதாரணமா வந்து சொல்றீங்க?"

"திட்டணும்னா திட்டு."

"திட்டி என்ன ஆகப்போகுது? உக்காருங்க. எல்லாத்தையும் திரும்பக் கேப்போம். மூணு தடவை."

ஒரு ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்று நாள் அப்படி. அவள் காது அசாத்தியக் காது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் காதுக்குத் தப்பு மட்டும்தான் விழும். அவளுக்கு ஆள் என்ன சொல்ல வருகிறார் என்பது விழுந்தது. "பாருங்க, இவர் இங்க நிறுத்தறது தெரியாததால இல்லை. வார்த்தையைத் தேடறார். இப்ப நாம பேசினா அது போயிடும்" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் அடுத்த விநாடியே அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துச் சொல்வார்.

மனைவி டீச்சர் என்று வருகிற இடத்தில் நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். "அது என் வீட்டுக்காரர்" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! அப்ப அந்த டீச்சர் நீங்கதானா?"

'அந்த' டீச்சராம்! "என்னென்ன சொன்னார் என்னைப் பத்தி?"

"அது வகுப்புக்குள்ள பேசினது மேடம். வெளிய சொல்ல மாட்டேன்."

"நான் அவர் பொண்டாட்டிம்மா."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பதிவை மறுபடி ஓடவிட்டாள். அவளை அறையலாம் போல இருந்தது. என் புருஷன் என்னைப் பற்றிச் சொன்னதை இவள் பூட்டி வைத்துக்கொண்டு சாவியைத் தரமாட்டாளாம்.

புதிய கணக்கில் அவளுடைய மாணவர்கள் ஒரு மணி நேரத்தில் முப்பத்து நாலு நிமிஷம் பேசியிருந்தார்கள். நிர்வாகியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, முதலில் கொடுத்தது தப்பு, தப்பு என்னுடையது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "இருபத்து நாலு வருஷ அனுபவம் உங்களுக்கு" என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வகுப்பு தொடர்ந்தது.

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாயும் வியாழனும் எட்டு மணிக்கு வருவார். "ஷிஃப்ட் எப்படி?" என்று கேட்பேன். "அதே மாதிரிதான்" என்பார். முகம் மட்டும் தெளிவாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பாடு போடுவேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே யாரையோ ஆங்கிலத்தில் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார், பயப்படாதீர்கள், உங்கள் பெயர் என்ன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று. நான் கூடத்தில் டீவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன், கேட்டுவிட்டதாக அவர் நினைத்துவிடக் கூடாதே என்று.

இருபதாம் தேதி வந்தது. அன்று என் வகுப்பு இல்லை. ஆறு மணிக்கு மாடிப்படியில் அவர் காலடி கேட்டது, கூடவே பேச்சு. ஃபோனில், ஆங்கிலத்தில், சிரித்துச் சிரித்து. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். தேர்வில் பக்கத்து அறையிலிருந்து ஒருத்தர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி ஃபோனில் அழுதாராம், இவர் அவரைப் பேச்சுக் கொடுத்தே ஆற்றினாராம், முடிந்ததும் தேர்வுக்காரரே எழுந்து கை கொடுத்தாராம். 'தேங்க் யூ' என்று நாலு தடவை சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "கெடைச்சிடுச்சு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து கண்ட்ரோல் ரூம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜ அழுகைதான். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார், ஷிஃப்ட் பொய், வகுப்பு, சின்ன டீச்சர்.

"தெரியும்" என்றேன். பதிவு என்னிடம் வந்ததையும், பெருக்கல் குறி போட்டதையும், பிறகு திருத்தியதையும் சொன்னேன்.

"அதனாலதான் வகுப்பு நிக்கப்போகுதுன்னு ஒரு வாரம் சொல்லிக்கிட்டு இருந்தாங்களா?"

"ஆமா."

"நான் அந்த வாரம் பூரா சாப்பிடவே இல்லை. நீ கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். "சரி விடு. திரும்ப எழுதிக் குடுத்துட்டேல்ல."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் குணம் என்னை விட்டால்தானே! ஒரு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வாய் வழியாக வந்துவிட்டது.

"முதல் ஃபோன் அவளுக்கு. சரி, போகட்டும். அந்த கேக் கதைய அவளுக்குச் சொன்னீங்க, முன்ன பின்ன தெரியாத பதினொரு பேருக்குச் சொன்னீங்க, குரல் மாத்திப் பேசிக்காட்டினீங்க. இருபத்து மூணு வருஷமாக் கூடவே இருக்கேன். எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

அவர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம்.

"சொன்னேனே."

"எப்ப?"

"அன்னைக்கே. வேலை முடிஞ்சு நேரா வந்து சொன்னேன். அந்த அம்மா மாதிரி கையை நீட்டிக்கூடக் காட்டினேன். இதே மேஜைதான். நீ பேப்பர் திருத்திக்கிட்டு இருந்த."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்ன. அப்புறம், வெளிச்சம் பத்தலை, இந்த பல்பை மாத்துங்கன்னு சொன்ன. ஸ்டூலைப் போட்டு மாத்தினேன்."

பல்பு மாற்றியது எனக்கு நன்றாக நினைவிருந்தது.